நாலந்தாவில் இறங்குவார் யார்?

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வரும் பஸ் வண்டிகள் தம்புள்ளையைக் கடந்து, நாவுலையைத் தாண்டி, மாத்தளையை நோக்கி விரைகின்றன. வழியிலே நாலந்தா என்றோர் ஊர். பெருந்தெருவின் ஓரத்தில் ஒரு பெயர்ப் பலகை; அதன் அருகே கிழக்கு நோக்கிப் பிரியும் ஒரு சிறு பாதை. அப்பாதையில் ஏறத்தாழ 1 கிலோமீற்றர் நடந்தால் இலங்கையின் கட்டடக் கலை வரலாற்றிலே ஒப்புமை காண்பதற்கு அரிய ஒரு கற்கோயிலை அடையலாம். ஆயினும் அவ்விடத்தில் இறங்குவார் மிகச் சிலரே. வெளிநாட்டார் இறங்குகின்றனர்; படம் பிடிக்கின்றனர்; செல்கின்றனர். நம்மவர் சன்னலோரத்தில் உறங்கியபடியே போய்விடுகின்றனர். இருபதாண்டுகளாக இத்தெருவிலே போக்குவரத்துச் செய்யும் நாமும், உண்மையைச் சொல்வதானால், அவ்வாறு உறங்கியவருள் ஒருவரே.

மாத்தளையில் ஒரு கல்லூரியிலே வரலாறு கற்பிப்பது நம் தொழில். நாலந்தாவைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். கரும்பலகையில் அதன் படத்தையும் வரைந்து காட்டியிருக்கிறோம். அங்கே மாணவரை அழைத்துச் செல்லத் துணிந்தது சில ஆண்டுகளுக்கு முன்னர்தான். அன்று நாம் பட்ட தோல்வியையும், அத்தோல்வியிலிருந்து ஒரு மூதாட்டி நம்மை மீட்டதையும் வாசக அன்பர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலிற் கோயிலைப் பற்றிச் சொல்லிவிடுவோம்.

நாலந்தா கெடிகே என்று சிங்கள மக்கள் வழங்கும் இக்கட்டடம் மாத்தளையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது என்று அறிஞர் கருதுவர். இன்ன ஆண்டென்று உறுதியாகச் சொல்வாரில்லை. மண்டபம், அதனை அடுத்த இடைகழி, கர்ப்பக்கிருகம், அதன்மேல் எழும் விமானம், விமானத்தில் குதிரைலாட வடிவான கூடுகள், அக்கூடுகளிலிருந்து எட்டிப் பார்க்கும் முகங்கள் என யாவும் பல்லவர் காலத்து மாமல்லபுரத்தை நினைவூட்டுவன. செங்கல்லும் சுதையும் மிகுந்த இந்நாட்டுப் பழங்கட்டடங்களின் நடுவே முழுவதும் கல்லால் ஆன இதன் கோலமே தனியானது. ஆனால் இது பௌத்த மக்களுடைய படிமக்கூடம் என்பதே ஆராய்ந்தோர் முடிபு. மகாயான பௌத்தம் இங்கே செல்வாக்குப் பெற்றிருந்த காலத்தில், தமிழ்நாட்டுச் சிற்ப மரபை அறிந்த கைகள் இதனைச் செதுக்கியிருத்தல் வேண்டும். கோலம் அங்கிருந்து வந்தது, வழிபாடு இங்குள்ளது.

தொல்பொருள் ஆணையாளராய் இருந்த எச். சி. பி. பெல் 1911இல் இதனை ஆராய்ந்த காலத்தில் கட்டடம் வயல்களின் நடுவே ஒரு மேட்டில் சிதைந்து நின்றது. பின்னர் வந்தது மகாவலித் திட்டம். போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டப்படுமாயின் வயலும் மேடும் கோயிலும் ஒருங்கே மூழ்கும் என்ற நிலை. 1975இல் தொடங்கி ஒவ்வொரு கல்லாகக் கழற்றினார்கள். நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திய புதிய நிலத்தில் மீண்டும் அடுக்கினார்கள். 1980இல் அப்பணி நிறைவுற்றது. எகிப்து நாட்டிலே அஸ்வான் அணைக்காக அபூ சிம்பல் கோயிலை 1964 முதல் 1968 வரை வெட்டியெடுத்து மேலே கொண்டு சென்றதை உலகமெல்லாம் பேசிற்று. ஆந்திர நாட்டிலே நாகார்ச்சுன சாகரத்துக்காக நாகார்ச்சுனகொண்டாவின் பௌத்தச் சின்னங்களை இடம்பெயர்த்ததையும் பலர் அறிவர். நம் வீட்டு வாயிலில் நிகழ்ந்த இதனை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? கற்களைக் கழற்றிக் கோத்த தொழிலாளருடைய உழைப்பை நினைக்கும்போது, பஸ்ஸில் உறங்கியதற்காக நமக்கு நாணம் உண்டாகிறது.

இனி நம் தோல்வி.

ஒரு சனிக்கிழமை காலை, முப்பத்தைந்து மாணவருடன் புறப்பட்டோம். பஸ்ஸில் சில ஆசனங்கள் எஞ்சியிருந்தமையால் பெற்றோர் சிலரும் ஏறிக்கொண்டனர். தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவனுடைய பாட்டியாரும் அவருள் ஒருவர். அறுபத்தைந்துக்கு மேற்பட்ட வயது. நாற்பதாண்டுகள் கொழுந்து பறித்த கைகள். "நானும் வரட்டுங்களா ஐயா? வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்றார். வாருங்கள் அம்மா என்றோம்.

கோயிலின் முன்னே மாணவரை நிறுத்தி, கையிலே குறிப்புத்தாளை விரித்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமற் சொற்பொழிவாற்றினோம். பல்லவர், மகாயானம், அதிட்டானம், உபபீடம், பெல், மகாவலி என ஒன்றையும் விடவில்லை. வெயில் ஏறிற்று. முன்வரிசை மாணவர் எழுதுவதுபோற் பாவனை செய்தனர். நடுவரிசையினர் நீர்த்தேக்கத்தில் நின்ற கொக்குகளை எண்ணினர். பின்வரிசையினர், அடித்தளத்தில் தேய்ந்து கிடக்கும் ஒரு காதற் சிற்பத்தை நாம் சொல்லாமலே கண்டுபிடித்துத் தம்முள் நகைத்துக்கொண்டிருந்தனர். (அச்சிற்பத்தைப் பற்றிக் குடும்பப் பகுதியில் இதற்குமேல் எழுதுவதற்கில்லை. ஆனால் அதனைக் காட்டாமல் மறைக்க முயலும் ஆசிரியர் தாமே அதற்கு விளம்பரம் செய்பவராவார் என்பதை அன்று கற்றோம்.)

சொற்பொழிவின் இறுதியில், "ஐயம் உண்டா?" என்றோம். ஒரு மாணவன் எழுந்து, "சேர், இது நம்ம கோயிலா, அவங்க பன்சலையா?" என்றான்.

அருகிலே நின்ற காவலாளர் தமிழை ஓரளவு அறிந்தவர். அவர் திரும்பிப் பார்த்தார். நாம் என்ன விடை சொன்னோம்? சொல்லவே வெட்கமாயிருக்கிறது. "அது பெரிய விடயம், வகுப்பிலே பேசுவோம்" என்றோம். வினா இன்னது என்பது நமக்குத் தெரியாததன்று. "இது நம்முடையதே, பறித்துக்கொண்டனர்" என்று ஒரு சொல் சொன்னால் பிள்ளைகள் மகிழ்ந்திருப்பர். "நமக்கு இதில் ஒன்றுமில்லை" என்று சொல்லியிருந்தால் வம்பில்லாமல் போயிருக்கும். இரண்டும் பொய் என்பதை அறிந்திருந்தும் மெய்யைச் சொல்லும் வழி நமக்கு அப்போது கைவரவில்லை.

இவ்வளவுக்கும் பாட்டியார் எங்கே? அவர் நம் சொற்பொழிவைக் கேட்கவேயில்லை. வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டடத்தை வலம்வரத் தொடங்கியிருந்தார். ஒரு முறையல்ல, மூன்று முறை. சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தென்புறத்தில் நெடுநேரம் நின்று அண்ணாந்து பார்த்தார். பிறகு நம்மிடம் வந்தார்.

"ஐயா, ஒன்னு கேக்கலாமுங்களா? கோபுரம் மாதிரி மேல எழும்பி இருக்கு. வாசல் இருக்கு, உள்மண்டபம் இருக்கு, சாமி இருக்குற எடம் இருக்கு. ஆனா கொடிமரத்தக் காணோம், பலிபீடத்தக் காணோம். தெக்குப் பக்கம் தட்சிணாமூர்த்தி இருக்கணுமே, அவரையும் காணோம். மேல வேற யாரோ குந்தியிருக்காங்க. அப்ப இது நம்ம மாதிரி கட்டி, வேற சாமிய வச்ச எடமுங்களா?"

நாம் வாயடைத்து நின்றோம். ஒரு மணி நேரம் தொண்டை வறள நாம் சொல்லியும் விளங்காத ஒன்றை, ஒரு சொல்லும் கேளாமல், காலால் நடந்து, கண்ணாற் பார்த்து, இந்த அம்மையார் கண்டுபிடித்துவிட்டார்! இந்துக் கோயிலின் உருவம், இந்துத் தெய்வங்கள் இல்லாத உருவம் என்று அறிஞர் நூலில் எழுதுவது இதனையே அன்றோ? தென்புறத்து மேலே அமர்ந்திருக்கும் அவ்வுருவத்தைக் குபேரன் என்பர். குபேரன் நமக்கும் உறவினன். வைசிரவணன் என்ற பெயரோடு பௌத்தருக்கும் உறவினன். மாணவன் கேட்ட வினாவுக்கு விடை அந்தக் கல்லிலேயே குந்தியிருந்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாம் செய்த தவறு யாது என்று எண்ணிப் பார்த்தோம். கட்டடத்தைப் பற்றி நாம் அறிந்ததைச் சொல்ல முயன்றோமேயன்றி, வந்தவர் அறிந்தது யாதென்று கேட்கவில்லை. கோயிலுக்குப் போய்ப் பழகியவருடைய அறிவை அறிவென்றே நாம் கொள்ளவில்லை.

உலகத்துப் பெரிய நூதனசாலைகளிலே இவ்வேலைக்கென்றே ஆட்கள் இருக்கின்றனர் என்பதை அதற்குப் பின்னரே விரிவாகப் படித்தோம். பொருள்களைத் தேடிச் சேர்ப்பவர் ஒருவர். அவற்றைப் பழுதுபார்ப்பவர் ஒருவர். நூதனசாலைக்கும் ஊருக்கும் நடுவே நிற்பவர் வேறொருவர். பள்ளிக்கூடங்களுக்குச் செல்வதும், குடும்பங்கள் வரத்தக்க நாட்களை வகுப்பதும், கண்பார்வை இழந்தோர் தொட்டறிய வழிசெய்வதும், வழிகாட்டுவோரைப் பழக்குவதும் இம்மூன்றாமவருடைய கடமை. வந்தவரை எண்ணுவது வாயிற்காவலருக்கும் எளிது. வராதவர் யார், ஏன் வரவில்லை என்று தேடுவதே இவருடைய தொழிலின் சாரம். பஸ் கட்டணமா? ஒரு நாட் சம்பளம் போய்விடும் என்பதா? மொழியா? "நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?" என்ற கூச்சமா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்து நுண்கலை நூதனசாலையிலே பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் செயலாளராய் இருந்தார். பார்வையாளரோடு உடன் சென்று விளக்குவோரை 1907இல் அங்கே அமர்த்தினார்கள். கற்பித்தல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லடியாக அவர்களுக்கு ‘டோசென்ட்’ என்று பெயரும் இட்டார்கள். இன்று உலகெங்கும் அச்சொல் வழங்குகிறது. அதே கில்மன் 1916இல் ஒரு வேடிக்கையான ஆராய்ச்சியை வெளியிட்டார். ஒரு மனிதரிடம் சில வினாக்களைக் கொடுத்து, நூதனசாலைப் பொருள்களைப் பார்த்து விடைகாணச் சொல்லி, அவர் குனிவதையும் வளைவதையும் முழந்தாளிடுவதையும் புகைப்படம் எடுத்தார். கண்ணாடிப் பெட்டிகள் அவ்வளவு தாழ்வாகவும் அவ்வளவு நெருக்கமாகவும் வைக்கப்பட்டிருந்தன! பார்ப்பவர் களைத்துப்போவது அவருடைய சோம்பலால் அன்று, வைத்தவருடைய தவறால் என்பதைக் கில்மன் காட்டினார். வெயிலிலே முப்பத்தைந்து பிள்ளைகளை நிறுத்தி வைத்த நமக்கு அப்படங்களைப் பற்றிப் படித்தபோது முதுகு வலித்தது.

இந்தப் பொஸ்டன் நூதனசாலைக்கே 1917இல் நம் நாட்டவர் ஒருவர் சென்று சேர்ந்தார் என்பதை நாம் நினைத்துப் பெருமை கொள்ளலாம். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பிலே பிறந்தவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். இளமையில் இந்நாட்டுக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை வகித்தவர், பாறைகளைத் தேடிச் சென்ற மலைநாட்டு ஊர்களிலே கைவினைஞரைக் கண்டார். அதன் பயனாக 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது. நம் மாத்தளை மாவட்டத்துப் பல்லே ஹப்புவிட ஊரிலே, அரக்கை நூல்போல இழுத்து, மரத்தண்டில் ஒட்டி, பெருவிரல் நகத்தாலே கிள்ளி அணிசெய்யும் வேலை வழிவழி வந்தது. தமிழர் ஒருவர் சிங்களக் கைவினைஞரின் வாயிலிலே அமர்ந்து, அவர் தொழிலைக் கேட்டு எழுதி உலகுக்கு அறிவித்தார். இதனை நம் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொன்னாலும் தகும்.

குமாரசுவாமி 1947இல் மறையும்வரை பொஸ்டனிலேயே பணிசெய்தார். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்று கேட்டு ஒரு நூலே எழுதினார். பழங்காலத்துப் பொருள் எதுவும் கண்ணாடிப் பெட்டிக்காகச் செய்யப்பட்டதன்று என்பது அவர் கருத்து. விளக்கு எரிவதற்கு, படிமம் வழிபடுவதற்கு, கிண்ணம் உண்பதற்கு. அது எதற்காக, யாருக்காக, எவ்வாறு செய்யப்பட்டது என்று அறியாமல், "என்ன அழகு!" என்று மட்டும் வியந்து திரும்புபவர் அப்பொருளைப் பார்த்தவர் ஆகார். அக்கருத்தைப் படித்தபோது செருப்பைக் கழற்றிவைத்த பாட்டியாரே நம் மனக்கண்முன் நின்றார். அவர் அழகு பார்க்க வரவில்லை. இது எதற்கு என்று பார்த்தார்.

இந்த அறிவு நம் மக்களிடம் எப்போதும் உண்டு. அதனை மதிக்காத நூதனசாலைகளுக்கு மக்களும் தக்க பெயரையே வைத்தனர். சென்னை எழும்பூர் நூதனசாலைக்கு அங்கத்துச் சாதாரண மக்கள் வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சிச்சாலை ‘உயிர்க் காலேஜ்’. இதனைவிட நுட்பமான விமரிசனத்தை எந்தப் பேராசிரியர் எழுதினார்? கல்கத்தா நூதனசாலையை வங்க மக்கள் ‘ஜாதூகர்’ என்றனர். மாய வீடு என்பது பொருள். அங்கே வியப்பு, இங்கே சாவு.

ஆனால் எழும்பூரின்மேல் முழுப் பழியையும் போட்டுவிடல் ஆகாது. 1851இல் தொடங்கிய அந்நூதனசாலையின் முதற் பொறுப்பாளர் எட்வர்ட் பல்பர், உயிருள்ள விலங்குகளைப் பார்க்கவே மக்கள் திரளுவதைக் கண்டு, அவ்வளவிலேயே 1855இல் ஒரு மிருகக்காட்சிச்சாலையைத் தொடங்கிவிட்டார். புலியைப் பார்க்க வந்தவர் கல்லையும் பார்க்கட்டும் என்பது அவர் கணக்குப் போலும். 1885 முதல் 1908 வரை பொறுப்பு வகித்த எட்கார் தர்ஸ்டன் காலத்திலே, பிற ஆடவர் முன் வராத கோஷாப் பெண்களுக்கென்று தனி நாள் ஒதுக்கி, அன்று ஆண்களுக்குக் கதவை அடைத்தார்கள். காணும் பொங்கலன்று குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோற்றோடு எழும்பூருக்கு வருவது பின்னர் ஊர் வழக்கமாகவே ஆயிற்று. அக்கூட்டத்தைப் பார்த்து முகஞ்சுளிக்கும் கற்றோர் உண்டு. நாம் அவ்வாறு சுளிப்பதில்லை. ஆண்டுக்கொரு நாளாயினும் தம் கால்களாலேயே வருபவரை அழைக்க இன்னொருவர் வேண்டியதில்லை. வந்த பின் அவரிடம் என்ன பேசுவது என்பதுதான் வினா.

அமெரிக்காவில் நியூவார்க் நகரத்து நூதனசாலையை 1909இல் நிறுவிய ஜோன் கொட்டன் டேனா என்பவர் வேறொரு வழி கண்டார். அவர் நூலகர், நூலை இரவல் கொடுப்பதுபோலப் பொருள்களையும் பள்ளிக்கூடங்களுக்கு இரவல் கொடுத்தார். 1928இல் மிகச் சிறு விலைக்குக் கடைகளில் வாங்கத்தக்க நல்ல பாத்திரம் பண்டங்களைத் திரட்டிக் காட்சியாக வைத்தார். ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, "இது என் அடுக்களையிலும் உண்டே" என்று சொல்லத்தக்க காட்சி. அவ்வாறு சொல்பவள் மறுமுறையும் வருவாள் அன்றோ?

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் பரவிவருகிறது. கொழும்பிலே 2019 டிசம்பரில் திறந்த நவீன, சமகாலக் கலை நூதனசாலையில் மூன்று மொழிகளிலும் எழுதுகின்றனர். மூன்று மொழிகளிலும் பார்வையாளரோடு பேசுகின்றனர். மூன்று மொழியில் எழுதுவது சிறு காரியமன்று. ஒரு காட்சிச்சாலையிலே, பெயரை இங்கு சொல்ல வேண்டியதில்லை, தமிழ்ப் பலகையில் மூன்று வரிக்குள் ஐந்து பிழைகளைக் கண்டோம். உடன் வந்த மாணவி ஒருத்தி, "சேர், நாங்க வருவோம்னு அவங்க நினைக்கல போல" என்றாள்.

இத்தனையையும் படித்தபின் நாலந்தாவுக்கு மறுபடியும் சென்றோம். இம்முறை ஆயத்தம் வேறு.

போவதற்கு ஒரு வாரம் முன்னரே, மாணவரைத் தத்தம் ஊர்க் கோயிலுக்கு அனுப்பினோம். வாயிலிலிருந்து மூலஸ்தானம்வரை என்னென்ன உண்டு, எந்தத் திசையில் எது உண்டு என்று குருக்களையும் வீட்டுப் பெரியோரையும் கேட்டு எழுதிவரச் சொன்னோம். முஸ்லிம் மாணவர் நால்வர் தம் பள்ளிவாசலைப் பற்றி எழுதிவந்தனர். மிஹ்ராப் எந்தத் திசையைக் காட்டும், ஏன் என்பதை அவர்கள் சொல்ல, மற்றவர் கேட்டனர். அயலிலுள்ள சிங்களப் பாடசாலை ஒன்றின் வரலாற்று ஆசிரியரிடம் சென்று பேசினோம். அவரும் நம்மைப் போலவே மாணவரை வெயிலில் நிறுத்திச் சொற்பொழிவாற்றி மனம் நொந்தவர்! உடனே இணங்கினார். அவருடைய மாணவர் இருபதுபேரும் தம் விகாரையை எழுதிக்கொண்டு வந்தனர்.

பாட்டியாரையும் அழைத்தோம். அவர் தம்மோடு இரண்டு தோழியரையும் கூட்டி வந்தார்.

நாலந்தாவில் நாம் முதல் அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பேசாதிருப்பது ஆசிரியர்களுக்கு எத்தகைய தவம் என்பதைத் தொழிலில் உள்ளவர் அறிவர். ஒரு தமிழ் மாணவன், ஒரு சிங்கள மாணவன் என்று இருவர் இருவராகக் கட்டடத்தைச் சுற்றி வரச் செய்து, தெரிந்தவை மூன்றும் தெரியாதது ஒன்றும் எழுதச் சொன்னோம். முதலில் இருவர் முகமும் இரு திசையில் இருந்தது. பொதுமொழி இல்லை, ஆங்கிலம் இரு பக்கமும் அரைகுறை. பின்னர் எங்கோ ஒரு மூலையிற் சிரிப்பொலி எழுந்தது. என்னவென்று போய்ப் பார்த்தோம். நம் மாணவன் கையாற் காட்டி, "மண்டபம்" என்றிருக்கிறான். மற்றவன், "மண்டபய" என்றிருக்கிறான். "கர்ப்பக்கிருகம்" என்றதற்கு "கர்ப்பகிருஹய" என்று விடை வந்திருக்கிறது. "விமானம்", "விமானய". விளையாட்டுப்போல இருவரும் ஒரு பட்டியலே எழுதிவிட்டனர். வடமொழி ஈன்ற சொற்கள் இரு வீட்டிலும் வளர்ந்தமையை வகுப்பிலே எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறோம். யார் கேட்டார்?

தென்புறத்திலே பாட்டியார் நின்று, மேலே இருக்கும் உருவத்தைக் காட்டித் தம் தோழியருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சென்ற முறை நாம் சொன்ன குபேரன் கதையைத் தம் வழியிற் சற்றே திருத்தி, கண்ணேறுக்கு ஒரு மருந்தையும் அதனோடு சேர்த்திருந்தார். கில்மன் இருந்திருந்தால் அவருக்கு ‘டோசென்ட்’ பட்டம் கொடுத்திருப்பார். மருந்துப் பகுதியை மட்டும் நீக்கச் சொல்லியிருப்பார்.

அதே மாணவன் இம்முறையும் எழுந்தான். சென்ற முறை கேட்ட வினாவை அவன் மறக்கவில்லை, நாமும் மறக்கவில்லை. இம்முறை நாம் ஓடவில்லை. "தம்பி, நீ எழுதியதை வாசி" என்றோம். அவன் வாசித்தான். தெரிந்தவை: மண்டபம், விமானம், கூடு. தெரியாதது: தட்சிணாமூர்த்தி ஏன் இல்லை. அவனோடு சென்ற சிங்கள மாணவன் வாசித்தான். அவனுடைய ஆசிரியர் எமக்கு மொழிபெயர்த்தார். தெரிந்தவை: படிமம் வைக்கும் இடம், அருகிலுள்ள தூபி, குவேர. தெரியாதது: எங்கள் விகாரைகளைப் போல இது ஏன் இல்லை.

இருவர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். ஒருவனுடைய ஐயத்துக்கு மற்றவனுடைய தாளிலே பாதி விடை இருந்தது. "பௌத்தர் வழிபட்ட இடம். கட்டிய முறை தமிழ்நாட்டிலிருந்து வந்தது. இவ்விரண்டையும் ஒன்றாய்ச் சொன்னாற்றான் மெய், ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் பொய்" என்று அப்போதுதான் நாம் வாய் திறந்தோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரு மொழியிலும் அது சொல்லப்பட்டது. காவலாளர் அருகில் வந்து கேட்டுக்கொண்டு நின்றார். தம்முடைய கதிரையைக் கொண்டுவந்து பாட்டியாருக்குக் கொடுத்தார்.

அனைவரும் சமாதானமாகிவிட்டனர் என்று எழுதிவிட நமக்கு மனமில்லை. பிற்பகலில் ஒரு மாணவன், "அப்ப அவங்க ஏன் ஸ்கூல் புத்தகத்துல தமிழ்னு போடல?" என்று கேட்டான். அந்தப் பக்கத்திலும் அதற்கு நிகரான கேள்வி எழுந்ததென்று அவ்வாசிரியர் பின்னர் சொன்னார். கேள்விகள் எழுந்தது நன்றே. அவை கல்லின் முன்னே, இரு சாராரும் இருக்கும்போது எழுந்தன. மரநிழலில் ரொட்டியும் சம்பலும் ஒரு பக்கம், பாற்சோறு ஒரு பக்கம் எனப் பொதிகள் அவிழ்ந்தன. உணவுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை.

இதற்கெல்லாம் ஆன செலவு பஸ் வாடகையும் ஒரு கட்டுத் தாளும்தான். பெருநகரத்து நூதனசாலைகள் பெரும் பொருள் செலவிட்டுச் செய்வதன் சிறு கூறு ஒன்றை ஊர்ப் பாடசாலை ஆசிரியர்கள் இருவர் செய்யக்கூடும் என்பதற்காகவே இதனைச் சொன்னோம். யாழ்ப்பாணத்திலே நல்லூர் நாவலர் வீதியில் 1978இல் அமைந்த தொல்பொருட் காட்சிச்சாலை இருக்கிறது. கந்தரோடையில் கிடைத்த பொருள்கள் அங்கே உண்டு. தம்புள்ளையில் சுவரோவியங்களுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது. சீகிரியாவில் 2009இல் திறந்த பெரிய நூதனசாலை இருக்கிறது. இவற்றின் வாயிலைத் தாண்டிப் பஸ்ஸில் போகும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர்.

அடுத்த பயணத்தைத் தைப்பொங்கல் கழிந்தபின் வைத்திருக்கிறோம். நாலந்தாவையும் தம்புள்ளையையும் ஒரே நாளிற் பார்த்துவிடலாம் என்று திட்டமிட்டு, பாட்டியாரிடம் தேதியைச் சொன்னோம். அவர் தலையை அசைத்தார்.

"ஒரே நாள்ல ரெண்டு எடம் வேணாங்க ஐயா. முழங்கால் புடிச்சுக்கும். ஒன்ன ஒழுங்காப் பாப்போம்."

தம்புள்ளையை மாசி மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். சன்னலோர ஆசனம் அவருக்கு.